மேக்பெத்தைக் கொலைகாரனாக்கியது ஆரூடமா, ஆசையா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் மேக்பெத் அரசனாவான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சொன்னபடியே அவன் அரசனாகிறான். நடந்தே தீர வேண்டிய ஒன்று நடந்ததற்கு அவனைக் குற்றவாளி என்பது எப்படி நியாயம், ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று விட்டுவிடக் கூடாதா என்பது உங்கள் ஐயம். கேள்வி விதியைப் பற்றியதுபோலத் தோன்றினாலும் அதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்றால் அது மேக்பெத்துக்கும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டுமே, பிறகு அவன் கைகள் ஏன் நடுங்குகின்றன, அவன் மனைவி ஏன் தூக்கத்தில் எழுந்து கை கழுவுகிறாள்? இதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி தானே தெளியும் என்று நினைக்கிறேன். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன். இந்த நாடகத்தை இருபது தடவைக்கு மேல் வகுப்பில் வரிவரியாகப் படித்திருக்கிறேன். மேடையேற்றிய அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே நடிப்பைப் பற்றி நான் சொல்வதைவிட, நாடகத்தின் சொற்களைப் பற்றி நான் சொல்வதற்கு அதிக எடை கொடுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் சந்திப்பில் சூனியக்காரிகள் மேக்பெத்திடம் கொலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கிளாமிஸ் பிரபுவே வாழ்க, காடோர் பிரபுவே வாழ்க, இனி அரசனாகப் போகிறவனே வாழ்க என்று மூன்று வாழ்த்துகள் மட்டுமே சொல்கிறார்கள். எப்படி, எப்போது, யாருக்குப் பிறகு என்பதெல்லாம் இல்லை. அவர்களுடைய ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஷேக்ஸ்பியர் அதே காட்சியின் தொடக்கத்தில், மேக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே காட்டிவிடுகிறார். பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடும் இடம் அது. ஒரு மாலுமியின் மனைவி மடி நிறையச் செஸ்நட் கொட்டைகளை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறாள். சூனியக்காரி ஒருத்தி எனக்கும் கொடு என்கிறாள்; அந்தப் பெண் விரட்டிவிடுகிறாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்காக, அலெப்போ நகரத்துக்குக் கப்பலில் போயிருக்கும் அவள் கணவனைப் பழிவாங்குவேன் என்று சூனியக்காரி கிளம்புகிறாள். அவனை வைக்கோலாக உலர வைப்பேன், இரவிலும் பகலிலும் அவன் இமைமேல் தூக்கம் வந்து தங்காது என்கிறாள். அடுத்த வரிதான் முக்கியம்: அவன் கப்பலை மூழ்கடிக்க முடியாது, ஆனாலும் அதைப் புயலில் அலைக்கழிப்பேன். காற்றை ஏவ அவளால் முடியும். கப்பலைக் கவிழ்க்க முடியாது. வகுப்பில் இந்த வரிக்கு வரும்போதெல்லாம் மாணவர்களை இதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்வேன். இரண்டாம் அங்கத்தில் ‘மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்’ என்ற குரல் அவன் காதில் ஒலிக்கும்போது, தூக்கம் இழந்த இந்த மாலுமியிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இனி அந்த ஆரூடத்தையே எடுத்துக்கொள்வோம். கிளாமிஸ் பட்டம் தந்தையின் மறைவால் ஏற்கெனவே அவனுக்கு வந்தது. காடோர் பட்டத்தை டங்கன் அரசர் முந்திய காட்சியிலேயே அவனுக்கு அறிவித்துவிட்டார். செய்தி கொண்டுவரும் ஆள் வழியில் வந்துகொண்டிருக்கிறான். பார்வையாளர்களாகிய நமக்கு இது தெரியும், மேக்பெத்துக்குத் தெரியாது. எனவே ஆரூடம் பலித்துவிட்டது என்று அவன் மலைத்து நிற்கும் அந்தக் கணத்தில் பலித்தது எதுவும் இல்லை. நடந்து முடிந்த ஒரு செய்தி தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. மூன்றில் எதிர்காலத்தைச் சேர்ந்தது ஒன்றுதான். அந்த ஒன்றைக் கேட்டதும் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்க்வோ, இவ்வளவு நல்ல வார்த்தைகளைக் கேட்டு ஏன் திடுக்கிட்டுப் பயப்படுகிறாய் என்று கேட்கிறான். நாடகத்தின் திறவுகோல் எனக்கு இந்தத் திடுக்கிடலில்தான் கிடைத்தது. அரசனாவாய் என்று ஒருவர் சொன்னால் சிரிக்கலாம், பெருமைப்படலாம், நம்பாமல் போகலாம். பயப்படுவதற்கு, அந்தச் சொல் உள்ளே எதையோ போய்த் தொட்டிருக்க வேண்டும். சில வரிகள் கழித்து அவனே அதைச் சொல்லிவிடுகிறான்: தலைமுடி குத்திட்டு நிற்க வைக்கும் ஒரு காட்சி மனத்தில் எழுகிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது, ‘கொலை இன்னும் கற்பனையாக மட்டுமே இருக்கும் என் எண்ணம்’ என்னை உலுக்குகிறது. கொலை என்ற சொல் மேக்பெத்தின் கதைக்குள் நுழைவது இங்கேதான், அதுவும் அவன் வாயிலிருந்துதான். விதி என்னை அரசனாக்க நினைத்தால் நான் அசையாமலே அது முடிசூட்டட்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறான். அந்த வரியில் நின்றிருந்தால் நாடகமே இல்லை.

ஆரூடம் கேட்டவர் இருவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பாங்க்வோவுக்கும் ஒரு வாழ்த்து கிடைக்கிறது: நீ அரசனாக மாட்டாய், உன் வழியில் அரசர்கள் பிறப்பார்கள். ஆசையைத் தூண்டக் கூடியதுதான் இதுவும். அவனோ, இருளின் ஏவலாட்கள் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்ப வைத்துப் பெரிய விஷயத்தில் காலை வாரிவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டு நகர்கிறான். அவன் முற்றும் தூயவன் என்று சொல்ல மாட்டேன். தூக்கத்தில் கெட்ட எண்ணங்கள் வருகின்றன என்று இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் இறைவனிடம் முறையிடுகிறான். மேக்பெத்மேல் சந்தேகம் வந்த பிறகும் வாய் திறப்பதில்லை. இருந்தாலும் வாளை எடுக்கவில்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்வோ கொலைச் சதிக்கு உடந்தை. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர் பாங்க்வோவின் வழிவந்தவராகத் தம்மைக் கருதினார். சூனியம் பற்றி 1597இல் நூலே வெளியிட்டவர் அவர். நாடகம் 1606ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கொள்வது வழக்கம். மன்னரின் மூதாதையைக் கொலையாளியாகக் காட்ட முடியாததால் இந்த மாற்றம் வந்திருக்கும் என்பது பொருத்தமான ஊகம்தான். ஆனால் காரணம் எதுவானாலும் கலையில் கிடைத்த பலன் பெரிது. ஒரே வெட்டவெளியில், ஒரே குரலைக் கேட்ட இரண்டு வீரர்கள். ஒருவன் கொலை செய்கிறான், மற்றவன் செய்யவில்லை. ஆரூடம்தான் கொலைக்குக் காரணம் என்ற வாதம் இங்கே நிற்காமல் போகிறது. ஊழை நீங்கள் குறிப்பிட்டதால் நம் மரபிலிருந்து ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அரசாளும் இலக்கணம் உனக்கே உண்டு என்று நிமித்திகன் சொன்னதைக் கேட்ட இளங்கோ, அண்ணன் செங்குட்டுவனின் மனம் நோகக் கூடாதென்று துறவு பூண்டதாகச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது.

நாடகத்தின் மேக்பெத்தை வரலாற்றின் மேக்பெத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை ஆண்ட மேக்பெத், டங்கனைப் படுக்கையில் குத்தவில்லை. டங்கன் போரில் மாண்டான். விருந்தாளியாக வந்த அரசனை வீட்டிலேயே கொல்லும் நிகழ்ச்சியை ஷேக்ஸ்பியர் அதே ஹோலின்ஷெட் நூலில் உள்ள வேறொரு கொலையிலிருந்து, டஃப் என்ற அரசனை டான்வால்ட் என்பவன் மனைவியின் தூண்டுதலால் கொல்வித்த கதையிலிருந்து, எடுத்துச் சேர்த்தார். எனவே குற்ற உணர்வைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் நாடகத்தில் வரும் மனிதனைப் பற்றியதே.

அந்த மனிதனின் ஆசை எப்போது திட்டமாகிறது? டங்கன் தம் மூத்த மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கும் நான்காம் காட்சியில் என்பேன். அக்கால ஸ்காட்லாந்தில் தந்தைக்குப் பின் மகன் என்பது இறுகிப்போன வழக்கமாக இருக்கவில்லை. அரச குலத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஒருவனும் அரியணைக்கு வர முடியும். அந்த வாசல் இந்த அறிவிப்பால் அடைபடுகிறது. ‘இந்தப் படியில் நான் இடறி விழ வேண்டும், அல்லது இதைத் தாண்டிக் குதிக்க வேண்டும்’ என்று மேக்பெத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். விண்மீன்களே, உங்கள் ஒளியை மறைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். லேடி மேக்பெத் இன்னும் மேடைக்கே வரவில்லை. மனைவிதான் கெடுத்தாள் என்று நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலிருந்தே கொண்டுவரும் தீர்ப்பு இந்தக் காட்சியைக் கவனித்துப் படித்தால் நிற்காது. அவள் ஆசையை விதைக்கவில்லை. தயங்கி நின்ற கையைப் பிடித்துத் தள்ளினாள். ‘இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம்’ என்று ஏழாம் காட்சியில் அவன் பின்வாங்கும்போது, ஆண்மையைக் குத்திக்காட்டி அவனைத் திருப்புகிறாள். அப்போது அவள், இந்தத் திட்டத்தை நீயாகத்தானே முதலில் என்னிடம் சொன்னாய், அன்று நேரமும் இல்லை, இடமும் இல்லை என்று ஒரு பேச்சை எடுக்கிறாள். இதை வைத்து, சூனியக்காரிகளைச் சந்திக்கும் முன்பே கணவனும் மனைவியும் கொலை பற்றிப் பேசியிருந்தார்கள் என்று கொள்வோரும் உண்டு. அவள் வாதத்தில் வெல்வதற்காக மிகைப்படுத்துகிறாள் என்று கொள்வோரும் உண்டு. நாடகம் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் முன்பே பேசி முடித்த ஒன்றைக் கேட்டு ஒருவனுக்கு முடி குத்திட்டு நிற்காது.

அதே ஏழாம் காட்சியின் தொடக்கத்தில் மேக்பெத் தனியாகப் பேசுவதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். டங்கன் என் உறவினர், என் அரசர், இன்று என் விருந்தாளி. கொலைகாரனுக்குக் கதவை அடைக்க வேண்டியவன் நான், கத்தியை எடுக்கலாமா என்று தன் வாயாலேயே தனக்கு எதிரான வழக்கை முழுமையாக எடுத்துவைக்கிறான். செய்வதற்கு ஒரு நியாயத்தைக்கூட அவனால் சொல்ல முடியவில்லை. எம்பிக் குதித்துக் குதிரையின் மறுபக்கம் போய் விழும் ஆசை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது என்கிறான். ஆரூடத்தை அந்தப் பேச்சில் அவன் ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். விதி என்னை இழுக்கிறது என்று சொல்லித் தப்பிக்க அதைவிடச் சரியான இடம் அவனுக்குக் கிடைக்காது. அவன் சொல்லவில்லை.

கொலையை நாம் மேடையில் பார்ப்பதில்லை. அவன் இரத்தம் தோய்ந்த கத்திகளோடு வெளியே வருவதைத்தான் பார்க்கிறோம். வந்ததும் அவன் பேசுவது கொலையைப் பற்றி அல்ல, ஒரு சொல்லைப் பற்றி. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த இருவர் விழித்தார்கள். ஒருவன் ‘கடவுள் நம்மைக் காக்கட்டும்’ என்றான், மற்றவன் ‘ஆமென்’ என்றான். நானும் ஆமென் சொல்ல வேண்டும், சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இதை இவ்வளவு ஆழமாக எண்ணாதே என்று மனைவி தடுக்கிறாள். அவன் விடவில்லை, ஏன் என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை, அருள் எனக்குத்தானே மிகவும் தேவைப்பட்டது என்று மறுபடி அங்கேயே போய் நிற்கிறான். ஒரு வருடம் இந்தப் பகுதியை வாசித்த மாணவி ஒருத்தி அந்த வரியில் நிறுத்திவிட்டு, ‘ஐயா, இவனுக்குப் பிடிபடுவோம் என்ற பயமே இல்லையே’ என்றாள். அதைவிடச் சரியாக நான் எந்த விரிவுரையிலும் சொன்னதில்லை. தண்டனைக்கு அஞ்சுபவன் கதவைப் பார்ப்பான், கத்தியை மறைப்பான். மேக்பெத்தோ கத்திகளைக் கொலை நடந்த அறையிலேயே வைக்க வேண்டும் என்பதையும் மறந்து, கையோடு கொண்டுவந்து நிற்கிறான். கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டதும் அவன் சொல்வது: ‘தட்டி டங்கனை எழுப்பு; உன்னால் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ அரியணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவன் கேட்பது செத்தவர் எழ வேண்டும் என்பதை.

அரசனான பிறகு ஆரூடத்தோடு அவனுக்குள்ள உறவு மாறுகிறது. தனக்குச் சொன்னது பலிக்கும் என்று நம்பியவன், பாங்க்வோவுக்குச் சொன்னது பலிக்கக் கூடாது என்று ஆள் ஏவி அவனைக் கொல்கிறான். மகன் ஃப்ளீயன்ஸ் தப்பிவிடுகிறான். ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு சொற்களில் ஒன்றை விதி என்றும் மற்றதை வெட்டிச் சாய்க்கக் கூடியது என்றும் நினைப்பவனை விதியின் கைப்பாவை என்று எப்படி அழைப்பது? நான்காம் அங்கத்தில் அவனே சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். ஃபைஃப் பிரபுவான மேக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு என்கிறது அவர்கள் வரவழைக்கும் முதல் உரு. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்கிறது இரண்டாவது. பர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு நகர்ந்து வரும்வரை தோல்வியில்லை என்கிறது மூன்றாவது. இரண்டாவதைக் கேட்டதும், அப்படியானால் மேக்டஃப் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான். அடுத்த வரியிலேயே, இருந்தாலும் விதியிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறேன், அவன் சாகட்டும் என்று மாறுகிறான். மேக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டதால் அவன் மனைவியும் குழந்தைகளும் வெட்டப்படுகிறார்கள். அந்தக் கொலைகளை எந்த ஆரூடமும் கேட்கவில்லை. ‘இரத்தத்துக்கு அஞ்சாதே’ என்று இரண்டாம் உரு ஊக்கியது உண்மை, ஆனால் யாரைக் கொல்வது என்பதை அவன்தான் முடிவுசெய்தான். இவற்றில் பின்னிரண்டு ஆரூடங்களும் இரட்டுற மொழிதலே. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதிக்குப் பின், 1606இல் கார்னெட் என்ற பாதிரியாரின் விசாரணையில் இந்த இரட்டைப் பேச்சு பெரிய விவாதமானது. கொலை நடந்த இரவில் கதவைத் திறக்க வரும் காவல்காரன் இரட்டைப் பேச்சுக்காரனைப் பற்றிப் பேசுவதை அதனோடு சேர்த்துப் படிப்பார்கள்.

ஐயத்துக்கு உரிய சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். சூனியக்காரிகள் எதிர்காலத்தை அறிந்தவர்களா, மேக்பெத்தின் மனத்தை அறிந்தவர்களா என்பதை நாடகம் தீர்த்துவைப்பதில்லை. அவர்களைக் குறிக்க நாடகத்தில் வரும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் விதி என்பதே. அதை வைத்து அவர்களை விதிதேவதைகளாகக் கொள்வோரின் வாதத்துக்கும் பலம் உண்டு. ஹெக்கட்டி என்ற சூனியத் தலைவி வரும் பகுதிகள் மிடில்டன் என்ற வேறொரு நாடகாசிரியர் சேர்த்தவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே அந்தப் பகுதிகளை வைத்து நான் எதையும் நிறுவ முயல்வதில்லை. அதேபோல விருந்தில் வரும் பாங்க்வோவின் ஆவி. கொலைக்கு முன் மேக்பெத்தின் கண்முன் அந்தரத்தில் தோன்றும் கத்திக்கு நாடகத்தில் மேடைக்குறிப்பு இல்லை. ஆனால் 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆவி உள்ளே வந்து மேக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது என்ற குறிப்பு இருக்கிறது. 1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மனும் ஆவி வந்து நாற்காலியில் அமர்ந்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஆவியை வெறும் மனப்பிரமை என்று முடிவுகட்ட இவை தடையாக நிற்கின்றன. ஆனாலும் அங்கிருப்போரில் மேக்பெத் ஒருவன் கண்ணுக்கு மட்டுமே அது தெரிகிறது என்பதிலும், ‘நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது’ என்று அவன் யாரும் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறான் என்பதிலும் ஐயமில்லை.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. கணவனும் மனைவியும் குற்ற உணர்வில் எதிரெதிர்த் திசைகளில் நடக்கிறார்கள். கொலை இரவில் ‘கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் கழுவிப் போய்விடும்’ என்றவள் அவள். அன்றே ஒரு சின்ன விரிசல் தெரிந்தது: தூங்கும் அரசர் என் தந்தையின் சாயலில் இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்று சொல்லியிருந்தாள். ஐந்தாம் அங்கத்தில் அவள் விளக்கோடு தூக்கத்தில் நடந்து வருகிறாள். எந்நேரமும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். இருளை அழைத்தவளுக்கு இப்போது விளக்கு தேவைப்படுகிறது. கால்மணி நேரம்கூடக் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்றும் அந்தப் பணிப்பெண்ணே சொல்கிறாள். அதுவரை செய்யுளில் பேசியவளின் பேச்சு உரைநடையாக உடைந்துவிட்டது: கிழவருக்குள் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்; ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். மேக்டஃபின் மனைவி கொல்லப்பட்டதில் இவளுக்குப் பங்கு இருந்ததாக நாடகத்தில் எதுவுமில்லை. தான் செய்யாததும் அவள் கையில் ஒட்டிக்கொள்கிறது. இவளுக்கு மருத்துவரைவிடப் பாதிரியாரே தேவை என்று மருத்துவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

மேக்பெத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. கொலைக்கு முன்பே நடுங்கியவன் மெல்ல மெல்ல நடுங்கும் திறனை இழக்கிறான். இரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டேன், இனித் திரும்புவதும் கடப்பதைப் போலவே அலுப்பானது என்று விருந்து முடிந்த இரவில் சொல்கிறான்; பாவம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அலுப்பு என்கிறான். அந்தப்புரத்தில் பெண்கள் அலறும்போது, இரவில் ஓர் ஓலம் கேட்டால் உறைந்துபோன காலம் ஒன்று இருந்தது, பயத்தின் சுவையே மறந்துவிட்டது என்கிறான். அந்த அலறல் அவன் மனைவி இறந்ததற்கானது. அவளுக்காக அழ அவனிடம் எதுவும் இல்லை; நாளை, நாளை, நாளை என்று நாட்கள் ஊர்ந்து போவதைப் பற்றிய புகழ்பெற்ற வரிகள் அங்கேதான் வருகின்றன.

ஆனால் எல்லாம் வற்றிவிடவில்லை. எதிரிப் படையினர் பர்னம் காட்டின் கிளைகளை வெட்டி ஏந்தி வர, காடு நகர்ந்து வந்துவிட்டது. போர்க்களத்தில் மேக்டஃப் பின்னாலிருந்து அழைக்கிறான். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்குத் தீங்கில்லை என்று மேக்பெத் அந்த நொடிவரை நம்பிக்கொண்டிருக்கிறான். மேக்டஃப் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவன் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. ஆரூடத்தின்படி எதிரே நிற்பவனைக் கண்டு அஞ்ச அவனுக்குக் காரணமே இல்லை. அந்த நிலையில் அவன் சொல்கிறான்: ‘எல்லாரையும்விட உன்னைத்தான் நான் விலக்கி வந்தேன். திரும்பிப் போய்விடு. உன்னவர்களின் இரத்தம் என் ஆன்மாவில் ஏற்கெனவே கனத்துக் கிடக்கிறது.’